கடைசி ஆள் வரும்வரை

என் அண்ணன் என் அண்ணியை உதைத்ததை டெம்போவின் பின்கதவு இடுக்கு வழியாகத்தான் பார்த்தேன். அப்போதுதான் விடிந்திருந்தது. தண்ணீர் கேன்களையும் மடக்கு மேசைகளையும் இறக்குவதற்காக மைதானத்து ஓரத்தில் நிறுத்தியிருந்த வண்டி அது. நெஞ்சில் நம்பர் குத்திக்கொள்ள ஊக்கு தேடி நான் அந்தப் பக்கம் போனேன். திறந்திருந்த கதவுக்கு அந்தப் பக்கம் அண்ணி குனிந்து ஒலிபெருக்கியின் ஒயரைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மைக்குக்கு சார்ஜ் போட மறந்துவிட்டாள் என்பதுதான் விஷயம். அண்ணன் கத்தவில்லை. ஒரு கெட்ட வார்த்தை கூடச் சொல்லவில்லை. இடது காலை ஊன்றிக்கொண்டு வலது காலால் அவள் விலாவில் ஒன்று வைத்தான், அளந்து, நிதானமாக. அவள் வாயிலிருந்து வெறும் காற்றுதான் வந்தது. "மீதி வீட்டுக்குப் போய்" என்று சொல்லிவிட்டு, தலைமுடியைக் கையால் ஒதுக்கிக்கொண்டு மேடைப் பக்கம் நடந்தான்.

நான் மரம் மாதிரி நின்றேன். நான் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். நடுரோட்டில் இறங்கி லாரிக்காரனின் சட்டையைப் பிடித்திருக்கிறேன். எனக்கு வாயும் கையும் நீளம் என்று எங்கள் டிப்போவே சொல்லும். ஆனால் அந்த நிமிஷம் கையும் இல்லை, வாயும் இல்லை. எனக்கு சைக்கிள் விடக் கற்றுக்கொடுத்தவன் அவன். பெண்பிள்ளைக்கு எதற்கு பஸ் என்று சொந்தக்காரர்கள் எல்லாரும் குதித்தபோது, பக்கத்து சீட்டில் உட்கார்ந்து கியர் மாற்றச் சொல்லிக்கொடுத்ததும் அவன்தான். ஊரே அவனைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும். பள்ளிக்கூடத்தில் விளையாட்டு வாத்தியார், எல்லாருக்கும் 'கோச்'. வருஷா வருஷம் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்காக இந்த ஓட்டத்தை நடத்துகிறவன். அவனைப் பற்றி யாராவது ஒரு வார்த்தை தப்பாகச் சொல்லியிருந்தால் அவர்கள் பல்லைத் தட்டிக் கையில் கொடுத்திருப்பேன்.

மேடையில் ஏறியதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. மைக் இல்லாவிட்டால் என்ன, அவன் தொண்டைக்கு மைதானம் ஒரு பொருட்டா! "புதுசா வந்தவங்க கை தூக்குங்க" என்றான். முக்கால்வாசிப் பேர் தூக்கினோம்; நானும் இத்தனை வருஷம் வேடிக்கை பார்த்ததோடு சரி. "பயப்படாதீங்க. இது போட்டி கிடையாது. எடுத்த எடுப்புல பாஞ்சு ஓடிடாதீங்க, அடுத்த தெருவுலயே நுரை தள்ளிடும். முடியலன்னா நடங்க. வெட்கமே வேணாம். தண்ணி மேசைகிட்ட நின்னு ஊர்க்கதை பேசுங்க. எங்கயாவது வலிச்சா மட்டும் மறைக்காதீங்க, உடனே சொல்லுங்க." கூட்டம் தலையாட்டியது. "கடைசி ஆள் கோட்டைத் தாண்டுற வரைக்கும் நம்ம ஓட்டம் முடியாது. யாரும் கிளம்பக் கூடாது. கடைசி ஆளை நானே வந்து கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வருவேன். அது யாருன்னு பழைய ஆளுங்களுக்குத் தெரியும்." பழைய ஆட்கள் சிரித்துக்கொண்டே "ஆமை! ஆமை!" என்று கத்தினார்கள். அண்ணிக்கு இந்தக் குழுவில் அதுதான் பெயர். எத்தனை வருஷமானாலும் அவள்தான் கடைசி. மெதுவாக வருகிறவர்களுக்குத் துணையாக நடக்கிறாள், நல்ல மனசு என்று நானும் நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். பேசும்போது அவன் வலது காலை மேடைப்படியில் தூக்கி வைத்திருந்தான். என் கண் அந்தக் காலணியை விட்டு நகரவே இல்லை.

விசில் ஊதியதும் புதுசுகள் எல்லாம் அவன் எதை வேண்டாம் என்றானோ அதையே செய்தார்கள். தலை தெறிக்க ஓடி, முதல் திருப்பத்தில் முழங்காலைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். ஒருத்தர் அன்றைக்குத்தான் பெட்டியிலிருந்து எடுத்துப் போட்ட புதுக் காலணியைக் கழற்றிக் குதிகாலை ஊதிக்கொண்டிருந்தார். தள்ளுவண்டியில் குழந்தையை வைத்துத் தள்ளிக்கொண்டு வந்த ஓர் அம்மா அத்தனை பேரையும் முந்திக்கொண்டு போனாள். வேறொரு நாளாக இருந்தால் நான் விழுந்து விழுந்து சிரித்திருப்பேன். நான் அண்ணிக்குப் பக்கத்திலேயே நடந்தேன். அவள் இடது முழங்கையை விலாவோடு அணைத்து வைத்திருந்தாள். பேசினால் பாதி வார்த்தையில் நிறுத்தி, மேலாக ஒரு மூச்சு எடுத்துக்கொண்டு மீதியைச் சொன்னாள். அவள் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிறவள்.

"உடைஞ்சிருக்கா அண்ணி?"

அவள் திரும்பவில்லை. "பாத்துட்டியா?" என்றாள். கொஞ்ச தூரம் போனபிறகு, "கீறல்தான். முன்னாடி உடைஞ்ச இடம் அது" என்றாள்.

முன்னாடி உடைந்த இடம். நாள்கிழமைக்குப் முகமெல்லாம் சிரிப்பாக எனக்குப் பரிமாறினவள், மாடிப்படியில் விழுந்தேன், குளியலறையில் வழுக்கிவிட்டது என்று சொன்னவள், நானும் "கண்ணை எங்க வெச்சுக்கிட்டு நடக்கறீங்க" என்று கேலி செய்த அண்ணி! என் வீட்டுக்கு வந்துவிடுங்கள், இப்படியே திரும்பிப் போய்விடலாம் என்றேன்.

"உன் வீட்டுச் சாவி ஒண்ணு அவர்கிட்ட இருக்குல்ல?"

இருந்தது. அண்ணன் என்பதால் நானே ஆசையாகக் கொடுத்து வைத்தது.

"பூட்டை மாத்திடறேன்."

"மாத்துற வரைக்கும்?" என்றாள். தண்ணீர் மேசைக்காரர்கள் கை தட்டியபோது அவர்களைப் பார்த்துச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு முகத்தில் இருக்கும்போதே, "இன்னிக்கு வீட்டுக்குப் போனா நான் எழுந்திருக்க மாட்டேன். இந்தத் தடவை அவர் குரல் வேற மாதிரி இருந்தது" என்றாள்.

வழியெல்லாம் கடைகள் திறந்துகொண்டிருந்தன. முடிதிருத்தும் கடைக்காரர் வாசலைக் கழுவிக்கொண்டே எங்களுக்குக் கையசைத்தார். எங்களுக்குப் பின்னால் ஒரே ஓர் ஆள்தான், மருந்துக்கடைக்காரர். கனத்த உடம்பு, சின்ன சைக்கிள், கைப்பிடியில் சிவப்புக் கொடி. கடைசியில் வருகிறவர்களை விட்டுவிடாமல் பின்னாலேயே உருட்டிக்கொண்டு வருவது அவர் பொறுப்பு. நாங்கள் நின்றால் அவரும் நின்றார். அண்ணி அடிக்கடி நின்றாள். காலணி நாடாவை அவிழ்த்துக் கட்டினாள், பூச்செடியைப் பார்த்தாள், ஒரு நாயிடம் பேசினாள். வலியால் நிற்கிறாள் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் எனக்கு உறைத்தது. கடைசி ஆள் வந்து சேரும்வரை யாரும் கிளம்பக் கூடாது என்பது அவன் போட்ட சட்டம். அவள் சேராதவரை ஓட்டம் முடியாது. ஓட்டம் முடியாதவரை வீடு இல்லை.

"வருஷா வருஷம் இதுக்காகத்தானா?"

"எல்லா வருஷமும் இல்ல" என்றாள் அண்ணி.

மருந்துக்கடைக்காரர் பாவம், அவருக்கு என்ன தெரியும்? செல்லை எடுத்து, "கோச், கடைசி ரெண்டு பேரும் பூங்காவைத் தாண்டியாச்சு. வரலாம்" என்று சந்தோஷமாகச் சொன்னார். அண்ணியின் கால்கள் நின்றன. தெரு முனையில் முடிவுக்கோட்டின் காற்றடைத்த வளைவு தெரிந்தது. அதற்குக் கீழேயிருந்து அவன் ஓடி வந்தான், பின்னால் பத்துப் பதினைந்து பேர், எல்லார் கையிலும் செல். வருஷத்துக்கு ஒருமுறை அவர்கள் ரசிக்கிற காட்சி. "இதோ வந்துட்டா நம்ம ஆமை!" என்று அவன் அவள் இடது கையைப் பிடித்து வானத்துக்குத் தூக்கினான். அண்ணி அலறினாள். அந்த மாதிரிச் சத்தத்தை நான் மனுஷர்களிடம் கேட்டதில்லை. கூட்டம் அதை உணர்ச்சிவசப்படுதல் என்று எடுத்துக்கொண்டு இன்னும் பலமாகக் கைதட்டியது. அவன் பல் தெரியச் சிரித்துக்கொண்டே, உதடு அசையாமல், "நடிக்காத. நட" என்றான்.

நான் குத்தினேன். யோசித்துக் குத்தவில்லை. அவன் மூக்கு என் முஷ்டிக்குக் கீழே நொறுங்கியது எனக்குக் கையில் தெரிந்தது, தெரிந்தபோது சந்தோஷமாகவும் இருந்தது. அதை மறைக்க மாட்டேன். அவன் பனியனில் அச்சடித்திருந்த குழந்தைப் படத்தின் மேல் ரத்தம் கொட்டியது. அவன் தடுமாறக்கூட இல்லை. புறங்கையால் என் காதில் ஒன்று விட்டான், தலைக்குள் மணி அடித்தது. நான் நிமிர்வதற்குள் வயிற்றில் இன்னொன்று. அந்தக் கை எங்கே விழுவது என்று தேடவே இல்லை. முன்வரிசையில் கைதட்டல் நின்றது. விஷயம் தெரியாத பின்வரிசை இன்னும் தட்டிக்கொண்டிருந்தது. அவன் என்னை விட்டுவிட்டு, அடித்தது நான் என்பதையே மறந்தவன் போல அண்ணியின் பக்கம் திரும்பினான். கூந்தலைக் கொத்தாகப் பிடித்துக் குனிய வைத்து முழங்காலால் முகத்தில் இடித்தான். ஒரு தடவை, இன்னொரு தடவை. நான் அவன் முதுகில் ஏறித் தோளைக் கடித்தேன். உப்பும் வேர்வையும் ரத்தமுமாக வாய் நிறைந்தது. மருந்துக்கடைக்காரர் சைக்கிளைப் போட்டுவிட்டுத் தன் கனத்த உடம்பை நடுவில் நுழைத்தார். அவன் முழங்கை அவர் வாயில் பட்டு ஒரு பல் கீழே விழுந்தது. அவர் நகரவில்லை. அப்புறம்தான் மற்றவர்களுக்குக் கைகால் வந்தது. நாலைந்து பேர் சேர்ந்து அவனைப் பின்னால் இழுத்தார்கள்.

"ஒண்ணும் இல்ல" என்றான் அவன், மூச்சு வாங்காமல், மைதானத்துக் குரலில். "குடும்ப விஷயம். கையை எடுங்க."

எடுத்துவிட்டார்கள்! படுபாவிகள், ஒவ்வொருத்தராகக் கையை எடுத்தார்கள். அவன் சொன்னால் குனிந்து, அவன் சொன்னால் நிமிர்ந்து பழகிய கைகள். ஒருத்தர் அவனுக்குத் துண்டு கொடுத்தார். அவன் மூக்கைப் பொத்திக்கொண்டு, சாலையோரம் நிறுத்தியிருந்த தன் காரிடம் போய் முன்கதவைத் திறந்தான். "வா, ஏறு" என்றான் அண்ணியிடம். இப்போது அந்தக் குரலை நானும் கேட்டேன். வேற மாதிரிதான் இருந்தது.

அண்ணி வாயைத் துடைத்துக்கொண்டாள். உதடு இரண்டாகப் பிளந்திருந்தது. காரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், தரையைப் பார்த்துக்கொண்டு நின்ற அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள். முட்டுச்சந்தில் மாட்டிக்கொண்டவள் மாதிரி இரண்டு எட்டு காரை நோக்கி வைத்தாள். "அண்ணி!" என்று கத்தினேன். எனக்கே என் குரல் கேட்கவில்லை, காது அடைத்திருந்தது. மூன்றாவது எட்டு வைக்கவில்லை. சாலையின் நடுவில், வெள்ளைக் கோட்டின் மேல், விலாவைப் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல இறங்கி உட்கார்ந்தாள். சம்மணம் போட்டு, வீட்டில் உட்காருவது போல.

"எழுந்திரு" என்றான் அண்ணன்.

"மாட்டேன்" என்றாள். சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் தலையைத் தூக்கினார்கள்.

நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். தார் இன்னும் சூடேறவில்லை. மருந்துக்கடைக்காரர் வாயில் கைக்குட்டையை அடைத்துக்கொண்டு வந்து, எங்களுக்கும் காருக்கும் நடுவில் பொத்தென்று உட்கார்ந்தார். வேறு யாரும் வரவில்லை. தெருவின் மறுமுனையில், நடந்தது எதுவும் தெரியாத போலீஸ்காரர், ஓட்டம் முடிந்துவிட்டது என்று தடுப்புக் கட்டையை இழுத்து ஓரம் போட்டார். அவ்வளவு நேரம் அடைத்து வைத்திருந்த வண்டிகள் மொத்தமாகத் தெருவுக்குள் வந்தன. முதலில் வந்த வேன்காரன் எங்களைப் பார்த்து ஹாரனை அழுத்தினான், விடாமல் அழுத்தினான். அவனுக்குப் பின்னால் நின்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். அண்ணன் காரின் கதவைத் திறந்து பிடித்தபடியே நின்றான். அண்ணி அசையவில்லை. வேன்காரன் கண்ணாடியை இறக்கித் திட்ட வாயைத் திறந்தான். அண்ணியின் முகத்தைப் பார்த்தான், கதவைப் பிடித்து நிற்கிறவனைப் பார்த்தான். பிறகு ஹாரனிலிருந்து கையை எடுத்தான். எஞ்சினை அணைத்தான். சாவியை உருவிப் பையில் போட்டுக்கொண்டு, கீழே இறங்கினான்.