சிரட்டையின் ஓசை

...அப்படியானால் இவளை அனுப்பியவன் கணபதியப்பனாகத்தான் இருக்க வேண்டும், வேறு யாருக்கு இதில் அக்கறை, மனைவி பகவதியம்மாள் காய்ச்சலில் போன துயரின் ஈரம் இன்னும் காயவில்லை, அதற்குள் அவள் தமையனான அவன் போன வாரம் வந்து, "மாப்பிளே, ஆம்பள ஒத்தையில பெண்பிள்ளைய வளக்கது நடக்கிய காரியமா? அறுப்புக் கழிஞ்சு வண்டி கொண்டு வாறேன், வடிவ எங்கூட விட்டிரும்" என்று சொல்லிப் போனான், இந்த வாரமோ நாகர்கோவிலிலிருந்து நேசபாய் டீச்சர் ஏதோ ஆராய்ச்சிக்கென்று வந்து, பெற்றோர் தம் மக்களிடம் எவ்வாறு பழகுகின்றனர் என்று அளக்கிறாளாம்... நெல்லை நாழியால் அளக்கலாம், இதை எதனால் அளப்பது? குலசேகரன் மகளுக்குக் கஞ்சி பிசைந்தபடியே ஓரக்கண்ணால் நோக்கினான். முற்றத்துத் தூணருகே டீச்சர், முன்னால் இரண்டு சிரட்டைகள், மடியில் புளியங்கொட்டைகள். அவன் தானாகப் பிள்ளையிடம் பேசினால் ஒரு சிரட்டையில் ஒரு கொட்டை, பிள்ளை அழைத்து அவன் திரும்பினால் மற்றதில் ஒன்று. "எழுதினா கண்ணு ஒங்கள விட்டுப் போயிரும், அதுக்காச்சுட்டிதான் இந்தக் கொட்ட. நான் இங்க இல்லேன்னு நெனச்சுக்கிடுங்க, அண்ணாச்சி."

"நல்ல கூத்து! நெல்லுப் பத்தயத்துல எலி இருக்குன்னு தெரிஞ்ச பொறவு, இல்லேன்னு நெனச்சிட்டு ஒறங்கவா, டீச்சர்?"

அவள் சிரித்தாள், ஏன் சிரித்தாள், பேசாத தகப்பன் என்று இப்போதே முடிவு கட்டிவிட்டாளோ... சிரட்டைகள் வாயைப் பிளந்தவாறு கிடந்தன. பேசுவதற்கு யார் கற்றுக் கொடுத்தார்கள் அவனுக்கு? மருமக்கள் வழி நடந்த காலத்துப் பிள்ளை அவன், சொத்து முழுவதும் தங்கை மகனுக்கென்று இருந்ததனால் தகப்பனாரின் தோளும் அந்த மருமகன் ராஜையனுக்கே உரியதாயிற்று, சுசீந்திரம் தேரோட்டத்தில் ராஜையன் அந்தத் தோளின்மேல் அமர்ந்து தேரைக் கண்டான், இவன் தகப்பனாரின் வேட்டித் தலைப்பைப் பற்றிக்கொண்டு ஊரார் முதுகுகளைக் கண்டான். சட்டம் வந்தது, வழி மாறியது, தோள் மாறிற்றா? தாய்மாமன்தான் பிள்ளைக்கு உரியவன் என்று கணபதியப்பன் இன்னும் நம்புகிறானே, அவன் தானாகப் பேசுவதற்கான சிரட்டை காலியாகவே இருந்துவிட்டால் அதையே சாட்சியாகக் கொண்டு வந்து நிற்பானே...

"மக்கா, வடிவு... இஞ்ச பாரு, காக்கா வந்திருக்கு."

டக்.

குழந்தை திடுக்கிட்டுத் தூணை நோக்கினாள். அவன் மீண்டும் பேசினான், காக்கைக்கு ஒரு வீடு கட்டினான், அதற்குப் பெண் பார்த்தான், டக், டக், இத்தனை சொற்கள் தன்னுள் எங்கே கிடந்தன என்று அவனுக்கே வியப்பாயிருந்தது, குழந்தை கைகொட்டினாள், அப்பா பேசினால் அங்கே ஒன்று விழுகிறது என்பதை அவள் கண்டுகொண்டாள் போலும். அவனும் விடவில்லை, கஞ்சி ஆறியதைக்கூடக் கவனியாமல் பேசினான்.

வெயில் சாய்ந்ததும் நேசபாய் எழுந்தாள். "வாறேன், அண்ணாச்சி."

"டீச்சருக்குக் கணபதியப்பனத் தெரியுமா?"

"எந்தக் கணபதியப்பன்?"

இவ்வளவு விரைவில் வந்த பதில், முன்பே சமைத்து வைத்த பதிலோ... அவள் சிரட்டைகளையும் கொட்டைகளையும் எடுத்துக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டாள். முற்றம் வெறுமையாயிற்று. அவன் மகளைத் தூக்கி, தன் தகப்பனார் ஒருபோதும் தராத அந்தத் தோளில் அமர்த்திக்கொண்டான். "ஒன்ன ஒருத்தனுக்கும் குடுக்க மாட்டேன், மக்கா."

வடிவு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. தூண் பக்கம் திரும்பிச் சற்றுநேரம் காத்திருந்தாள், பிறகு குனிந்து, அவன் இவ்வளவு நேரமும் அந்த டீச்சரைப் பார்த்தானே, அதே பார்வையால் அவனைப் பார்த்தாள்.

"டக்கு எங்கப்பா?"

குடுக்க மாட்டேன் என்றது நெஞ்சிலிருந்து வந்த சொல்தானே, ஆனால் குழந்தை திரும்புவதற்கு முன்பே அவன் செவி தூணருகே சென்று காத்து நின்றதே, அப்படியானால் அதை அவன் யாருக்கு...