ஆறாவது மாடிக்கு யாரும் போகவில்லை

"சார், கையை இறக்குங்க! ஃபேன், சார், ஃபேன்!"

அவள் பாய்ந்தாள். நாற்காலி ஒரு பக்கம் உருண்டது. சுழன்றுகொண்டிருந்த மின்விசிறிக்கும் ரிட்டயர்டு கண்டக்டரின் வலது கைக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிதான் பாக்கி. கண்ணை முழுக்க மூடிய கறுப்பு வி.ஆர். கண்ணாடிக்குள் அவர் ஏதோ ஒரு லிஃப்ட்டின் கூரையைத் திறந்துகொண்டிருந்தார். திறக்க வேண்டிய கூரையே அது இல்லை.

அவர் முழங்கையைப் பிடித்துக் கிட்டத்தட்டத் தொங்கியபடியே, மறுகையால் சுவரைத் துழாவி ஸ்விட்சை அணைத்தாள்.

"யாரது கையைப் புடிச்சு இழுக்கிறது? லிஃப்ட்டுக்குள்ள பேய் உண்டுன்னு சொல்லவே இல்லையே!"

"நான்தான் சார். மேல ஒண்ணும் கிடையாது. கதவுப் பக்கம் திரும்புங்க."

"கதவு மூடியிருக்கு. அப்ப வண்டி கிளம்ப வேண்டியதுதானே?" என்றவர் இரண்டு விரலை வாயில் வைத்து நீளமாக ஒரு விசில் கொடுத்தார். "ரைட், ரைட், போலாம்!"

லிஃப்ட் நகரவில்லை. அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள்.

"விசிலுக்கெல்லாம் போகாது சார். இப்ப போன் அடிக்கும். எடுங்க. அதுல ஒருத்தர் எந்த பட்டனை அமுக்கணும்னு சொல்வார். அமுக்கினா ஆறாவது மாடி. அவ்ளோதான்."

மேசைமேல் இருந்த திரையில் அவர் பார்ப்பதெல்லாம் அவளுக்கும் தெரிந்தது. பழைய கட்டடத்தின் பழைய லிஃப்ட். ஐந்துக்கும் ஆறுக்கும் நடுவே மாட்டிக்கொண்டு நிற்கிறது. சுவரிலிருந்த சிவப்பு போன் அதிர்ந்தது. கண்டக்டரின் கை அதை எடுத்துக் காதில் வைத்தது.

அப்புறம் எதுவும் நடக்கவில்லை.

கண்டக்டர் நின்றார். நின்றுகொண்டே இருந்தார். உதட்டிலிருந்த சிரிப்பு மெல்லக் கரைந்தது. விசிலடித்த விரல்கள் சட்டைப் பொத்தானைத் தேடித் தடவின. கண்ணாடியைத் தானே கழற்றி, ஏதோ கண்ணாடிப் பாத்திரத்தைத் தருவது போல இரண்டு கையாலும் அவளிடம் நீட்டினார்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா."

"சார், இன்னும் முடியல. பட்டனை அமுக்கவே இல்லையே."

"அதெல்லாம் பரவாயில்ல. நல்லா பண்ணியிருக்கே. உடம்பைப் பார்த்துக்கோ."

"உடம்புக்கு என்ன சார்? போன்ல என்ன கேட்டுச்சு? தெளிவா கேட்டுச்சா, இல்லையா?"

"கேட்டுச்சு, கேட்டுச்சு. தம்பிக்கு நல்ல குரல்." செருப்பை இடம் வலம் மாற்றி மாட்டிக்கொண்டு படியிறங்கிவிட்டார். அவருக்கென்று போட்டு வைத்திருந்த டீ மேசைமேல் ஆடை கட்டிக்கொண்டிருந்தது.

காலையிலிருந்து இதே கூத்து.

முதலில் வந்தவர் எதிர் வரிசை மருந்துக்கடைக்காரம்மா. கடையில் ஒரு மாத்திரை அட்டைக்கு ஒன்பது கேள்வி கேட்கிற மனுஷி. அவரும் அதே போனை எடுத்தார், அதே மாதிரி நின்றார், கழற்றினார். "சூப்பர்மா" என்றார். கன்னத்தை வேறு தட்டிவிட்டுப் போனார். அடுத்து முடிவெட்டுகிறவர். நேற்று இதே லிஃப்ட்டில் ஏறி, ஆறாவது மாடிக்குப் போய், "லைட்டு மங்கல், பட்டன் சின்னது, கடைசியில ஒண்ணுமே இல்லையே" என்று கழுவி ஊற்றியவர். அந்தத் திட்டுக்காகவே அவள் நேற்று முழுக்க உட்கார்ந்து விளக்கையும் பட்டனையும் மாற்றினாள். இன்று அதே மனிதர் பாதியில் இறங்கி, "குறையே சொல்ல முடியாது" என்றார்.

குறை சொல்லுங்களேன், ஐயா! அதற்குத்தானே கூப்பிட்டேன்!

அவளுக்கு வேண்டியது பாராட்டு இல்லை. பெரிய கம்பெனி எதுவும் இல்லாமல் தனி ஆட்கள் செய்யும் சின்ன விளையாட்டுகளுக்கென்று இணையத்தில் ஒரு கண்காட்சி நடக்கிறது. கட்டட வரைபடம் போடும் வேலையை விட்டுவிட்டு, தம்பியோடு சேர்ந்து அவள் செய்த இந்த லிஃப்ட் விளையாட்டு அதில் கடைசிச் சுற்றுவரை வந்திருந்தது. முடித்த விளையாட்டையும், அதை முழுசாக ஆடிய மூன்று பேரின் கருத்தையும் இன்று மாலை ஐந்து மணிக்குள் அனுப்ப வேண்டும். தேர்வானால், உலகம் முழுக்க ஆட்கள் வந்து பார்ப்பார்கள். தவறினால், வரைபட அலுவலகத்துக்கே திரும்பிப் போய்ப் பழைய மேலாளர் முன்னால் பல்லைக் காட்ட வேண்டியதுதான். அவர் கடைசி நாளில் சொன்னது இன்னமும் காதில் இருந்தது: "பொம்மை விளையாட்டெல்லாம் முடிஞ்சதும் சொல்லுங்க."

மணி மூன்றைத் தாண்டியிருந்தது. மாற்றிய விளையாட்டை முழுசாக ஆடியவர்கள் எண்ணிக்கை: பூஜ்யம்.

ஆத்திரத்தில் கண்காட்சிப் பக்கத்தைத் திறந்து, மற்ற விளையாட்டுகளுக்குக் கீழே ஆட்டக்காரர்கள் எழுதியிருந்ததைப் படித்தாள். தேனீ வளர்க்கும் வி.ஆர். விளையாட்டு ஒன்று. "கழுத்து வலி இலவசம். ராணித் தேனீயைத் தேடி என் வீட்டு அலமாரிக் கண்ணாடியை உடைத்தேன். ஆனாலும் மறுபடி போவேன்." யாரோ தனி ஆளாகச் செய்த கலங்கரை விளக்க விளையாட்டு. "படி ஏறுகிறேன், ஏறுகிறேன், இன்னும் ஏறுகிறேன். இதைச் செய்தவருக்கு முழங்காலே கிடையாதா?"

அவளுக்குப் பொறாமையாக இருந்தது. இப்படித் திட்டு வாங்கவும் கொடுத்து வைத்திருக்க வேண்டும். இங்கே வருகிறவர்களெல்லாம் துக்கம் விசாரிக்க வந்தவர்கள் மாதிரி கன்னத்தைத் தட்டிவிட்டுப் போகிறார்கள்.

கோளாறு அந்த போனில்தான். அது மட்டும் உறுதி. ஆனால் மேசைத் திரையில் அவளே ஓட்டிப் பார்த்தால் எல்லாம் சரியாக இருந்தது. போன் அடித்தது; எடுத்தால், "பயப்படாதீங்க, நான் சொல்ற பட்டனை மட்டும் அமுக்குங்க" என்று குரல் வந்தது. அவளுடைய குரல்தான். திரைக்கான பதிப்பில் அவள் சும்மா பேசி வைத்த தற்காலிகக் குரல். கண்ணாடிக்கான பதிப்பில் மட்டும், லிஃப்ட் ஆபரேட்டராகத் தம்பி பேசிய குரலை இன்று காலை அவன் சேர்த்திருந்தான். அந்தச் சத்தம் கண்ணாடிக்குள் மட்டுமே கேட்கும். வெளியே வெறும் ஊமைப்படம்.

கண்ணாடியை அவளே மாட்டிப் பார்க்கலாமே என்றால், அங்கேதான் வந்தது வினை. மாட்டினால் அவளுக்கு நிமிடத்தில் தலை சுற்றும், குமட்டும். சர்க்கரை வியாதிக்காரர் ஸ்வீட் கடை வைத்த கதை. செய்வது அவள், போட்டுப் பார்ப்பது எப்போதும் தம்பி.

அந்தத் தம்பிக்கு மறுபடி போன் போட்டாள். அணைத்து வைத்திருந்தான். குரலைச் சேர்த்துவிட்டு, "கண்ணு எரியுது, தூங்கிட்டு வரேன்க்கா" என்று போனவன். மூலப் பதிவுகள் எல்லாம் அவன் லேப்டாப்பில். அதையும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போய்விட்டான். அவன் கோப்புகளுக்குப் பெயர் வைக்கிற லட்சணம் அவளுக்குத் தெரியும். 'கடைசி', 'கடைசி புதுசு', 'இதுதான் கடைசி', 'சத்தியமா கடைசி'. எதை எடுத்துப் போட்டானோ!

கணவனை அழைத்தாள். முதல் மணியிலேயே எடுத்தான். அதுவே அதிசயம்.

"ஆபீஸ்ல மீட்டிங் இல்லையா?"

"உனக்கு இல்லாத மீட்டிங்கா? சொல்லும்மா."

'ம்மா'வா? அவன் கடைசியாக அப்படி அழைத்தது எப்போது என்று அவளுக்கு நினைவில்லை.

"யாரும் முடிக்க மாட்டேங்கிறாங்க. எல்லாரும் நல்லா இருக்கு, நல்லா இருக்குன்னு ஓடுறாங்க. எனக்குப் பைத்தியம் புடிக்குது."

"டென்ஷன் ஆகாத. முடிஞ்ச வரைக்கும் பண்ணி அனுப்பு. எது நடந்தாலும் நல்லதுக்குத்தான்."

"எது நடந்தாலும்னா? என்ன நடக்கும்? அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும், அதான் நடக்கணும்."

"அதான், அதான். நைட் வெளிய சாப்பிடலாம்." வைத்துவிட்டான்.

யோசித்தாள். இந்தத் தெருவில், இந்தக் குடும்பத்தில், அவள் முகத்துக்கு நேரே குறை சொல்லக்கூடிய ஒரே ஜீவன் யார்? விடை உடனே வந்தது. நாத்தனார்.

அவள் கட்டிய புடவையில் குறை, போட்ட காபியில் குறை, பெருக்கிய வீட்டில் மூலைக்கு மூலை குறை கண்டுபிடித்த பெண்மணி. வேலையை விட்ட அன்று, "எங்க அண்ணன் சம்பளம் இருக்கிற தைரியம்" என்று சொன்னவள். அப்படிப்பட்ட வாய் ஊரில் வேறு கிடையாது. இன்றைக்கு அந்த வாய்தான் வேண்டும்.

நாத்தனார் வரும்போதே ஆரம்பித்துவிட்டாள். "என்ன அண்ணி, வீடா இது, ஒயர் கடையா? இதுல யார் தலையில மாட்டினதை என் தலையில மாட்டறீங்க? துடைச்சீங்களா?"

அவளுக்கு நிம்மதியில் கண்ணே கலங்கிவிட்டது. "துடைச்சாச்சு. உள்ள போனதும் மனசுல பட்டதை அப்படியே சொல்லு. எதையும் மறைக்காதே."

"நான் எப்ப மறைச்சேன்?"

கண்ணாடி ஏறியது. உடனே கச்சேரி தொடங்கியது. "சுவர்ல என்ன இந்தப் பச்சை? ஆஸ்பத்திரி மாதிரி. கண்ணாடியில என் மூஞ்சியே தெரியல. கையி மட்டும் தனியா மிதக்குது, உடம்பை எங்க வச்சீங்க? தரை ஆடுது. இதுக்கா ஒன்றரை வருஷம்?"

ஒவ்வொன்றையும் பேப்பரில் குறித்துக்கொண்டே வந்தாள் அவள். தேன் குடித்தது போல இருந்தது.

சிவப்பு போன் அதிர்ந்தது. நாத்தனார் எடுத்தாள். "ஹலோ, யாரு? ஓ, நம்ம ஆளு குரலா..."

நிறுத்தினாள்.

திரையில் லிஃப்ட் சுவர் அசையாமல் நின்றது. அறையில் நாத்தனாரின் மூச்சு மட்டும் கேட்டது. அவள் வாய் லேசாகத் திறந்தது, மூடியது. போனைத் திரும்ப வைத்தாள். கண்ணாடியைக் கழற்றினாள். கண்மை ஒரு பக்கம் இழுபட்டிருந்தது.

"சொல்லு."

"நல்லா இருக்கு அண்ணி."

"என்னது?"

"நிஜமா. ரொம்ப நல்லா இருக்கு. உங்களுக்கு எவ்ளோ தெறமை!" என்றவள், நெருங்கி வந்து அவளைக் கட்டிக்கொண்டாள். கல்யாணத்தன்றுகூடக் கட்டிக்கொள்ளாதவள்.

அவள் நாத்தனாரின் தோளைப் பிடித்து விலக்கினாள்.

"இப்ப எனக்கு நிஜமாவே பயமா இருக்கு. போன்ல என்ன இருக்கு?"

"நான் எப்படி அண்ணி சொல்றது? சொந்த அண்ணன் சம்பந்தப்பட்டது..." சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தாள்.

"உங்க அண்ணனா? விளையாட்டுல உங்க அண்ணன் எங்க வந்தார்?"

"நீங்களே ஒரு தடவை மாட்டிக் கேட்டுடுங்க. யாரையும் உள்ள அனுப்பாதீங்க இனிமே. தெரு பூரா கேட்டாச்சு போல." கைப்பையை அள்ளிக்கொண்டு கதவை நோக்கி நடந்தாள். பாதி வழியில் திரும்பி, "அந்தப் பச்சை அவ்ளோ மோசமில்ல" என்றுவிட்டு ஓடினாள்.

அவள் பாத்ரூமிலிருந்து வாளியை எடுத்து வந்து காலருகே வைத்தாள். முகத்தைக் கழுவினாள். கண்ணாடியை எடுத்து மாட்டினாள்.

தரை நழுவியது. தானே வரைந்த சுவர்கள் நாலாப்பக்கமும் நெருங்கி வந்தன. திரையில் தீப்பெட்டி போலத் தெரிந்த லிஃப்ட், இங்கே மூச்சு முட்டும் அளவுக்கு நிஜமாக இருந்தது. பச்சை மோசமாகத்தான் இருந்தது. வயிற்றிலிருந்து ஏதோ தொண்டைவரை வந்து திரும்பியது. கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். மூடினால் குமட்டல் கொஞ்சம் அடங்கியது. கேட்கக் காது போதுமே.

மணி அடித்தது. துழாவி எடுத்தாள்.

"பயப்படாதீங்க." தம்பியின் குரல். கட்டையாக, கம்பீரமாக. நன்றாகவே பேசியிருந்தான். "நான் சொல்ற பட்டனை மட்டும் அமுக்குங்க. ஆறு..." ஒரு இருமல். "ச்சே, மறுபடி." துணிகள் உரசும் ஓசை. பதிவுக்காக அவன் துணி அலமாரிக்குள் உட்கார்ந்துகொள்வது வழக்கம். எங்கோ ஒரு செல்போன் அதிர்ந்தது. பதிவை நிறுத்தவே இல்லை, மடையன். வெட்டாத கோப்பை அப்படியே தூக்கிப் போட்டிருக்கிறான்.

"சொல்லுங்க மாமா."

அவன் மாமா என்று அழைப்பது ஒரே ஒருவரை. அவள் கணவனை.

"இல்ல மாமா, அக்கா பக்கத்து ரூம்ல இருக்கா. பட்டனுக்கு கலர் மாத்திட்டு இருக்கா. நான் அலமாரிக்குள்ள, உங்க பேன்ட்டுக்கு நடுவுல." சின்னச் சிரிப்பு. உடனே அடங்கியது. "எப்படி மாமா சொல்றது? வேலையையே விட்டுட்டா. ராத்திரி தூக்கத்துல எந்திரிச்சு லிஃப்ட்டுக்கு கதவு வரையறா... ஆமா, மூணு பேர் கருத்துன்னு சொன்னது நான்தான். அஞ்சு மணின்னு சொன்னதும் நான்தான். கெடுன்னு ஒண்ணு இருந்தாத்தான் முடிப்பா. முடிச்சுட்டா வேற எங்கயாவது அனுப்பிப் பார்க்கலாம்."

கொஞ்ச நேரம் எதிர்முனை பேசியது. அது பதிவாகவில்லை.

"நீங்களும் மூஞ்சிய சாதாரணமா வச்சுக்கோங்க மாமா. எனக்கும் அக்காவுக்கும் ஒரே மெயில் ஐடிதானே, அவ பாக்கறதுக்குள்ள நான் அழிச்சுட்டேன்." அவன் குரல் இப்போது காதோடு காதாக, அவளுக்கு மட்டும் சொல்வது போலத் தாழ்ந்தது. "கண்காட்சிக்காரங்க நம்ம விளையாட்டை வேணாம்னு தள்ளி ஒரு வாரம் ஆச்சு."