ஒன்பதாம் மாதத்தின் எழுத்து

எதையும் பூதக்கண்ணாடி வைத்துப் பார்க்காமல் நம்பமாட்டார் என்பதால், பழைய கார் பிரியர்கள் அவருக்கு வைத்த பெயர் லென்ஸ். அவர் உதட்டைப் பிதுக்கினால் அந்த வண்டியை அப்புறம் ஒருவரும் சீந்தமாட்டார்கள். அப்பேர்ப்பட்ட மனுஷர் அன்று தன் தங்கை புருஷனின் பட்டறையில், ஒரு பழைய அமெரிக்கக் காரின் பானெட்டுக்குள் தலையை விட்டபடி வியர்த்துப்போய் நின்றார்.

வாங்க வந்திருந்த பல் டாக்டர் போட்டது ஒரே நிபந்தனை: காரோடு பிறந்த எஞ்சினாக இருக்க வேண்டும். சொந்தம் என்று தெரிந்தே லென்ஸைக் கூப்பிட்டிருந்தார். அவ்வளவு நம்பிக்கை.

கார்பரேட்டர் அசல். டிஸ்ட்ரிபியூட்டர் அசல். வாட்டர் பம்ப்கூட அந்த வருஷத்து வார்ப்புதான். மச்சான் லேசுப்பட்ட ஆள் இல்லை என்று லென்ஸுக்குப் பெருமையாகவே இருந்தது. கடைசியாக, எஞ்சின் பிளாக்கின் முன்பக்கம் நம்பர் அடித்திருக்கும் சின்னச் சமதளத்தைத் துடைத்தார். கார் நம்பர் பொருந்தியது. பக்கத்தில் எஞ்சின் பூட்டிய தேதி: மாதத்துக்கு ஆங்கில எழுத்து ஜே, நாள் பதினான்கு.

ஏ ஜனவரி என்று வரிசையாக எண்ணினால், ஜே அக்டோபர். கதவோரத் தகட்டிலோ, கார் செப்டம்பர் கடைசியிலேயே வெளியே வந்ததாக இருந்தது.

 ஞாயிற்றுக்கிழமை தங்கை வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் லென்ஸுக்கு வாய் ஓயாது. அப்படி ஒருநாள், 'ஐ' என்பது எண் ஒன்று மாதிரி தெரியும் என்று அந்தக் கம்பெனி அதை விட்டுவிட்டது, ஒன்பதாம் மாதத்துக்கே ஜேதான் என்று மச்சானிடம் அளந்துவிட்டிருந்தார். பிறகு ஐ அடித்த அசல் எஞ்சினைத் தன் கண்ணாலேயே பார்த்தார். தான் சொன்னது தப்பு என்று போய்ச் சொல்ல மட்டும் கௌரவம் இடம் கொடுக்கவில்லை. இந்தத் தப்பு அவருக்கும் மச்சானுக்கும் தவிர வேறு யாருக்கும் தெரியாது.

ஆக, நம்பர் அடித்த கை எது என்று தெரிந்துபோயிற்று. உண்மையைச் சொன்னால் தங்கை குடும்பத்தின் பெயர் நாறும். மறைத்தால் டாக்டர் முகத்தில் எப்படி விழிப்பது?  கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் ஒரு வழி யோசித்தார்.

"எஞ்சின் இந்தக் காரோடது இல்ல டாக்டர். மாசம் இடிக்குது. முன்னாடி வச்சிருந்தவன் எவனோ நம்பர அடிச்சிருக்கான். பாவம், மச்சானும் நம்பி ஏமாந்துட்டாரு."

மச்சான் தலையாட்டினால் போதும். ஏமாந்தவன் என்ற பெயரோடு போய்விடும். அதற்காகவே அவரை உற்றுப் பார்த்தார்.

ஆனால் மச்சானின் முகம் சிவந்துவிட்டது. இரவும் பகலும் பார்த்துப் பார்த்துச் செய்த வேலையில் குறை சொன்னால் அவருக்குப் பொறுக்காது.

"மாசம் எப்படி இடிக்கும்? ஐ கிடையாது, ஜேதான் அடிப்பாங்கன்னு நீங்கதானே மச்சான் சொல்லிக் குடுத்தீங்க?"

சொன்ன பிறகுதான், நம்பரை அடித்தது தான்தான் என்று தானே காட்டிக்கொடுத்துவிட்டது அவருக்கு உறைத்தது.  டாக்டர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, கார் சாவியைப் பெஞ்சின் மேல் வைத்துவிட்டு வெளியே நடந்தார்.

தங்கை காபித் தட்டோடு வாசலில் நின்றிருந்தாள். புருஷனை அவள் பார்க்கவே இல்லை.

"இதெல்லாம் நீயா அண்ணா அவருக்குச் சொல்லிக் குடுத்தே?"