ஐந்து பிளாஸ்மாக்களும் சாமுண்டீஸ்வரியின் ஆடும்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கோட்டைக்குப்பத்துக்கு நான் நண்டு வாங்கத்தான் போனேன். அங்கே ஒரு பெண் தன் கையில் தானே ஊசி குத்திக்கொண்டிருந்தாள். பக்கத்தில் ஓர் ஆடு வேடிக்கை பார்த்தது. நண்டை மறந்துவிட்டேன்.

அன்று பழவேற்காடு ஏரி ரத்தச் சிவப்பாக... (வேண்டாம். ஏரி எப்போதும் போலச் சாம்பல் நிறம்தான்.)

2

ஊசி குத்திக்கொண்டவள் ரோஸ்மேரி, அந்த ஊர்ப் பெண்; கால்நடை மருத்துவ ஆய்வு மாணவி. மாடு, எருமை, பன்றி, ஆடு நான்கின் ரத்தத்திலும் அணுக்கள் போக மிஞ்சும் மஞ்சள் நீரை, அதாவது பிளாஸ்மாவைப் பிரித்து, அதிலுள்ள புரதங்களை ஒப்பிட வேண்டும். மறுநாள் காலைக்குள் ஆய்வகத்தில் கொடுக்காவிட்டால் அவள் முறை வேறொருவருக்குப் போய்விடும். படிப்பு இன்னொரு வருடம் இழுக்கும்.

எடுத்த ரத்தத்தைப் பக்கத்து வீட்டுத் தாமோதரனிடம் பத்திரமாக வைக்கச் சொன்னாள். அவர் இறாலுக்குச் செய்வதுபோல ஐஸை நொறுக்கி, உப்பும் தூவி, அக்கறையாகப் புதைத்துவிட்டார். ரத்தம் பனிக்கட்டியாகி அணுக்கள் உடைந்தன. தெளிந்து நிற்க வேண்டிய பிளாஸ்மா சிவந்துபோயிற்று.*

* தாமோதரனை வில்லனாக்கிப் பார்த்தேன், ஒட்டவில்லை. நல்ல மனுஷர். அன்று அவர் சாப்பிடவேயில்லை.

3

மறுபடி ரத்தம் எடுக்க மாடு, எருமை, பன்றி வளர்க்கும் மூவரும் சம்மதித்தார்கள். (இதை ஒரு பக்கம் எழுதி அடித்துவிட்டேன். சம்மதத்தில் என்ன கதை?) ஆட்டுக்காரி சாமுண்டீஸ்வரிதான் கயிற்றை விடவில்லை.

"ஆடு இன்னா கொழாயா, தொறந்தா ஊத்தறதுக்கு? மொதல்ல உன் கையில குத்திக்கோமே. அப்பால பேசலாம்."

இந்த இடத்தில் ரோஸ்மேரியை அழவைத்து மூன்று வரைவு எழுதினேன். சோகமாக முடித்தால்தான் இலக்கியம் என்று எனக்கொரு அற்ப ஆசை. அவள் கண்ணீரைத் துடைத்தபடி கரையோரம்...

அவள் அழவில்லை. ரப்பர் பட்டையைப் பல்லால் இழுத்துக் கட்டி, தன் நரம்பில் குத்தி, ஒரு குழாயை நிரப்பினாள்.

"போதுமாக்கா? என்னுதையும் உன் ஆட்டுது பக்கத்துலயே வெச்சிப் பாக்கறேன்."

சாமுண்டீஸ்வரி கயிற்றைத் தளர்த்தினாள். ஆட்டின் கழுத்தைத் தானே நிமிர்த்திப் பிடித்தாள்.

4

மறுநாள் ஆய்வகத்திலிருந்து ரோஸ்மேரியின் கைப்பேசிக்குப் படம் வந்தது. மின்சாரம் இழுத்த வேகத்தில் ஐந்து ரத்தத்தின் புரதங்களும் ஐந்து வரிசையில், கோடு கோடாக, பளிச்சென்று பிரிந்து நின்றன. முன்னால் ஓடி நிற்கும் தடித்த கோடு ஐந்துக்கும் உண்டு. பின்தங்கிய மெல்லிய கோடுகளில்தான் இனத்துக்கு இனம் வேறுபாடு. ஜெயித்துவிட்டாள்! எழுதிக்கொண்டிருந்த நான் எழுந்து கை தட்டினேன், வெட்கமில்லாமல்.

குப்பமே கைப்பேசியைச் சுற்றி நின்றது. சாமுண்டீஸ்வரி உற்றுப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "இதுல எது நீ, எது என் ஆடு?"

ரோஸ்மேரி சொன்ன பதில் எனக்குத் தெரியும். எழுதப் போவதில்லை. வரிசைகளின் மேலிருந்த பெயர்களை அழித்துவிட்டு, படத்தை உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். நீங்களே விரல் வையுங்கள்.