கிட்டங்கிக்குள் ஒரு சுமைதாங்கி

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்துக்காரர்களின் கொடி பறந்த காலம். கோட்டைக்கும் படகுத்துறைக்கும் நடுவில் துணி தரம் பார்ப்பதற்கென்று புதிதாக ஒரு கிட்டங்கி கட்டினார்கள். சித்திரை பிறப்பதற்குள் சுவரும் கூரையும் முடிந்துவிட்டன. பிறகு உள்ளே வைக்கவேண்டிய சாமான்கள் ஒவ்வொன்றாகத் தயாராயின.

செய்தவன் ராஜவேலு. கோட்டைக்குப்பத்தில் படகு தைக்கிறவன். நாற்காலிக்கும் மேசைக்கும் படகுக்காரன் எதற்கு என்று கேட்கலாம். உப்புக்காற்றில் மரம் என்ன பாடு படும் என்று தெரிந்தவன் அந்த ஊரில் அவன்தான். பலகையோடு பலகையைக் கயிற்றால் தைத்தே அலையில் ஓட விடுகிறவனுக்கு ஆணி தேவைப்படாது. ஆணி இல்லாவிட்டால் துரு இல்லை. துரு இல்லாவிட்டால் வெள்ளைத் துணியில் கறை இல்லை. அதனால் ஒல்லாந்துத் துரையின் பேச்சைத் தமிழில் சொல்லும் துபாஷி வேதாசலம் அவனைத் தேடிக் குப்பத்துக்கே போனார்.

துரைக்குக் கைப்பிடி வைத்த நாற்காலி. அவர் உட்காருவது ஒரு பெரிய காரியம். அவர் காலுக்குத் தனியாக ஒரு குட்டி முக்காலி. கணக்கர்கள் சம்மணம் போட்டபடி எழுத ஆளுக்கொரு சாய்வான எழுத்துப் பெட்டி. துணியை விரித்துப் பார்க்க வடக்கு ஜன்னலை ஒட்டி நீள மேசை. ஈரம் ஏறாமல் இருக்கத் தரையிலிருந்து இரண்டு சாண் தூக்கிய அடுக்குப் பலகைகள். ஆக, துணிக்குக்கூட உட்கார இடம் இருந்தது. துணியைச் சுமந்து வந்தவளுக்குத்தான் இல்லை. இதில் யாரையும் குறை சொல்லவும் முடியாது. யாருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

சுமந்து வந்தவர்களில் ஒருத்தி முனியம்மா. ஆரம்பாக்கத்துப் பக்கத்து நெசவு ஊர்களிலிருந்து ஏரி வழியாகப் படகில் துணிப்பொதிகள் வரும். துறையில் இறக்கியதும் ஒன்பது பெண்கள் தலையில் தூக்கிக்கொண்டு வருவார்கள். வந்ததும் வேலை முடியாது. மேசைக்காரர்கள் ஒவ்வொரு பொதியாகத்தான் கூப்பிடுவார்கள். அதுவரைக்கும் பொதியோடு நிற்கவேண்டும். கீழே வைத்தால் தரை ஈரம் பிடித்துத் துணி கறுத்துப்போகும். வைத்தாலும் மறுபடி தூக்கிவிட இரண்டு பேர் வேண்டும். இருக்கிற எல்லோர் தலையிலும்தான் பொதி இருக்கிறதே.

முனியம்மா அப்போது ஐந்து மாதம் முழுகாமல் இருந்தாள். முன்னால் இரண்டு முறை தங்கவில்லை. முதலாவது ஏன் போனது என்று அவளுக்குத் தெரியாது. இரண்டாவது தெரியும். கிட்டங்கி கட்டுவதற்கு முன்பு இருந்த பழைய கொட்டகையில் பொதியோடு நின்றிருந்தபோது இடுப்பில் சுரீரென்று பிடித்தது. பொதியைப் போட்டுவிட்டுப் போக பயம். இதோ கூப்பிடுவார்கள், இதோ கூப்பிடுவார்கள் என்று நின்றுகொண்டே இருந்துவிட்டாள். கூப்பிட்டபோது காலில் ரத்தம் இறங்கியிருந்தது.

இந்த முறையும் வேலைக்கு வராமல் இருக்க முடியவில்லை. ஏரியின் வாய் மணல் மூடி, மீன் அற்றுப்போய், அவள் புருஷன் திருவேங்கடம் வலையைக் காயப்போட்டுவிட்டுக் கரையில் உட்கார்ந்திருந்தான். இந்தப் பிள்ளை மட்டும் நின்றுவிட்டால் போதும், வேறெதையும் கேட்கமாட்டேன் என்று போகிற வழியில் உள்ள அத்தனை சாமிகளுக்கும் சொல்லிவைத்தாள். எந்தச் சாமி பொறுப்பு எடுத்துக்கொண்டது என்று தெரியவில்லை.

ஒருநாள் அவள் பொதியோடு காத்து நிற்கையில் ராஜவேலு ஒரு மூங்கிலோடு வந்தான்.

"கொஞ்சம் நேரா நில்லு, தங்கச்சி."

"நேராத்தான் கீறேன். இன்னாத்துக்கு?"

அவன் மூங்கிலை அவள் பக்கத்தில் நிறுத்தி, நெற்றிக்கு நேராகக் கரியால் ஒரு கோடு போட்டுக்கொண்டு போய்விட்டான். கொஞ்சம் ஒரு மாதிரியான ஆள், பெண்டாட்டி போனதிலிருந்து அப்படித்தான் என்று அவள் அதை மறந்துவிட்டாள்.

நாலாம் நாள் காலையில் பொதியோடு உள்ளே நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். மேசைக்கு இப்பால், சுமைக்காரிகள் நிற்கிற இடத்தில், தடித்த தேக்குக் கால்கள் இரண்டு. மேலே அந்தச் சுவர் முதல் இந்தச் சுவர் பக்கம் வரை நீண்ட உத்தரம், காலோடு கயிற்றால் இறுக்கிக் கட்டியது. அவள் நெற்றிக்குச் சரியான உயரம்.

பின்னால் வந்த இன்னொரு சுமைக்காரி ருக்குவும் நின்றாள். மற்றவர்களும் நின்றார்கள். ஊர்ப் பாதைகளில் கல்லில் பார்த்திருக்கிறார்கள், மரத்தில் பார்ப்பது இதுதான் முதல் தடவை. ஆனாலும் அது சுமைதாங்கி என்று யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. அதை எதற்கு நடுவார்கள் என்றும் தெரியும். பிள்ளையை வயிற்றில் வைத்துக்கொண்டே செத்துப்போனவளின் பேரில் நடுவார்கள். இறக்கி வைக்காத பாரத்தோடு போனவள். வழிப்போக்கர்கள் தங்கள் பாரத்தை அதில் இறக்கி வைக்க வைக்க, அவளுக்கும் கொஞ்சம் குறையும் என்பது எண்ணம்.

முனியம்மாவுக்கு உடம்பெல்லாம் எரிந்தது. உத்தரத்தின் கயிற்று முடிச்சைத் தட்டிக்கொண்டிருந்த ராஜவேலுவிடம் போனாள்.

"யாருக்கு அண்ணா நட்ட இதை?"

அவன் திரும்பிப் பார்த்தான்.

"வயித்துல புள்ளையோட நிக்கிறவளை அளவு எடுத்துக்கினு போயி சுமைதாங்கி நட்டுக்கீறியே. நான் இன்னும் உசுரோடதான கீறேன்?"

அவள் முழுகாமல் இருப்பதே ராஜவேலுவுக்கு அப்போதுதான் தெரிந்தது. முகம் வெளுத்துவிட்டது.

"ஐயோ, உனக்கு இல்லம்மா. கஸ்தூரிக்கு."

கஸ்தூரி அவன் பெண்டாட்டி. எட்டாம் மாதத்தில், ஐந்து வருஷத்துக்கு முன்னால் போனவள்.

"கல்லு நடணும்னு சொல்லிக்கினே இருந்தேன்," என்றான். "இந்த மணல்ல கல்லுக்கு எங்க போறது. பொன்னேரிக்கு அந்தாண்டருந்து வண்டியில வரணும். நமக்கு யாரு கொண்டாந்து போடுவா. அப்பத்தான் துபாஷி ஒரு காயிதத்தக் காட்டினாரு. ரெண்டு காலு, மேல ஒரு உத்தரம். சுமைக்காரிங்க நிக்கிற எடத்துல நடுன்னாரு. துரைக்கே மனசு வந்து சுமைதாங்கி நடச் சொல்றாருன்னு நெனச்சேன். அவரு போன தெசையப் பார்த்துக் கும்பிட்டேன், தங்கச்சி."

"அதுக்கு என்னை ஏன் அளந்த?"

"அவளை இப்ப எங்க போயி அளக்கிறது. நீதான் அவ உசரம்."

முனியம்மாவுக்குக் கோபம் போய்விட்டது. பயம் மட்டும் போகவில்லை. உத்தரத்தைத் தொடாமல், தலையில் பொதியோடு ஓரமாக நின்றாள். அவளைப் பார்த்து மற்ற எட்டுப் பேரும் அப்படியே நின்றார்கள்.

அந்த நேரத்தில் துரை வந்தார். செம்பட்டை முடி, கையில் பிரம்பு, பின்னால் துபாஷி வேதாசலம். உத்தரத்தைப் பார்த்தவர் அதன் கீழே ஒருமுறை குனிந்து அந்தப் பக்கம் போனார், மறுபடி குனிந்து இந்தப் பக்கம் வந்தார். பிறகு பிரம்பால் தன் இடுப்பைத் தொட்டுக் காட்டி நாலு வார்த்தை சொன்னார்.

"இது தடுப்புய்யா, ராஜவேலு," என்றார் துபாஷி. "பொம்பளைங்க மேசையாண்ட வந்து மொய்ச்சுக்கிட்டு வெளிச்சத்த மறைக்கிறாங்க, வேர்வை துணியில சொட்டுது. அதுக்காகக் குறுக்க ஒரு மரம். இடுப்பு உசரம்னு படத்துலயே எழுதியிருக்கு. இப்ப பாரு, குனிஞ்சா மாடே நுழையும். காலை அறுத்து இறக்கச் சொல்றார்."

எழுதியிருந்தது ஒல்லாந்து எழுத்தில். ராஜவேலு தமிழ் எழுத்தையே கூட்டிப் படிக்கத் தெரியாதவன். தெரிந்திருந்தாலும் பார்த்திருக்கமாட்டான். சுமைதாங்கி என்ன உயரம் இருக்கவேண்டும் என்று யாராவது காகிதத்தைப் பார்ப்பார்களா?

அவன் "அறுத்துடறேன் சாமி," என்று மட்டும் சொல்லிவிட்டு ரம்பத்தை எடுத்தான். ஐந்து வருஷமாக நட முடியாததை நட்டு, நட்ட அன்றைக்கே அறுக்கப்போகிறவனின் முகத்தை முனியம்மாவால் பார்க்க முடியவில்லை.

அவள் உத்தரத்தை நோக்கி நடந்தாள். அப்போது வயிற்றில் பிள்ளை உதைத்ததா என்று பிற்பாடு சிலர் கேட்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றுமில்லை. கழுத்து வலித்தது. எதிரில், தன் உயரத்துக்கே ஒரு மரம் இருந்தது. அதைச் செய்தவன் அழாமல் இருக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தான். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது.

"கஸ்தூரி, வெக்கிறேன்," என்று வாய்க்குள் சொன்னாள். முன்னால் ஓர் அடி வைத்துத் தலையைச் சற்றுத் தாழ்த்தினாள். பொதி தானாகவே நகர்ந்து உத்தரத்தின்மேல் உட்கார்ந்தது. குனியவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. முதுகு நிமிர்ந்தது. சும்மாட்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, "ருக்கு, வா," என்றாள்.

ருக்கு வந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் வந்தார்கள். ஒன்பது பொதிகளும் வரிசையாக உத்தரத்தின்மேல் ஏறின.

ராஜவேலு ரம்பத்தோடு நின்றான். துரை பிரம்போடு நின்றார். மேசையின்மேல் வடக்கு வெளிச்சம் தடையில்லாமல் விழுந்தது. ஒருத்தியும் உத்தரத்தைத் தாண்டி வரவில்லை. ஏன் வரப்போகிறாள்? அவள் பொதி இங்கே இருக்கிறது, அவள் கழுத்து இங்கே இளைப்பாறுகிறது. போகாதே என்று மறிக்கிற மரத்தைத் தாண்ட ஆயிரம் வழி உண்டு. இங்கே நில் என்று இடம் கொடுக்கிற மரத்தை யாரும் தாண்டுவதில்லை.

துரை வரிசையை ஒட்டி ஒரு நடை நடந்து, பொதிகளில் குத்தியிருந்த அடையாளங்களைப் பார்த்தார். எல்லாம் கண்ணுக்கு நேராக இருந்தன. துபாஷியிடம் ஒரே வார்த்தை சொன்னார்.

"இருக்கட்டுங்கிறார்," என்றார் வேதாசலம்.

இந்த ஏற்பாடு தனக்கே தோன்றியது என்று துரை கோட்டைக்கு எழுதினாலும் எழுதியிருப்பார். எழுதிக்கொள்ளட்டும். அன்றைக்கு அவர் அந்த ஒரு வார்த்தையை மாற்றிச் சொல்லியிருந்தால் யாராலும் ஒன்றும் செய்திருக்க முடியாது. அதற்காக முனியம்மா அவரையும் மனதுக்குள் வாழ்த்தினாள்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு நடைக்கும், பொதியை இறக்கும்போதெல்லாம் அவள், "கஸ்தூரி, வெக்கிறேன்" என்றாள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து புதிதாக வேலைக்கு வந்தவர்களும் யார் கஸ்தூரி என்று தெரியாமலேயே அப்படிச் சொல்லக் கற்றுக்கொண்டார்கள். முனியம்மாவின் வயிறு பெரிதாகியது. பயம் தினமும் காலையில் வந்தது. கிட்டங்கிக்குள் நுழைந்து பொதியை வைத்ததும் கொஞ்ச நேரத்துக்குப் போய்விடும். அந்தக் கொஞ்ச நேரங்களை வைத்தே அவள் ஆவணி வரை வந்து சேர்ந்தாள்.

ஆவணியில் ஒருநாள் முற்பகல், பொதியை அப்போதுதான் உத்தரத்தில் வைத்திருந்தாள். இடுப்பில் அதே இடத்தில் சுரீரென்றது. கை தானாகப் பொதியைப் பிடித்துக்கொண்டது, பழைய பழக்கம். ஆனால் பிடிக்கத் தேவையில்லை. பொதி விழாது, நனையாது, அதற்காக யாரும் நிற்கவேண்டியதில்லை. அவள் கையை எடுத்தாள்.

"ருக்கு, நான் வூட்டுக்குப் போறேன்," என்றாள்.

அவளும் ருக்குவும் மெதுவாக நடந்து குப்பத்துக்குப் போனார்கள். வெயில் சாய்வதற்குள் பெண் பிறந்தது, வீடு முழுக்கக் கேட்கிற மாதிரிக் கத்திக்கொண்டு. திருவேங்கடம் வாசலில் உட்கார்ந்து அழுதான். அவனை யாரும் தேற்றவில்லை. தேற்றவேண்டிய அழுகை இல்லை அது.

நாற்பது நாள் கழித்து முனியம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு கோட்டைக்குப்பத்துக் கரைக்குப் போனாள். ராஜவேலு ஒரு படகின் அடியில் உட்கார்ந்து பலகை தைத்துக்கொண்டிருந்தான். என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள். யோசித்ததில் ஒன்றுகூட இப்போது ஞாபகத்துக்கு வரவில்லை.

"அண்ணா," என்றாள். "போன தடவை பொதிய வுட்டுட்டு வரத் தெரியாம நின்னேன். இந்தத் தடவை வாங்கிக்க ஆள் இருந்துது. என் பொதிய அன்னிக்கு உன் பொண்டாட்டிதான் வாங்கிக்கினா. உங்க ரெண்டு பேரையும் நான் சாகிறவரைக்கும் மறக்கமாட்டேன்."

ராஜவேலு ஊசியைக் கீழே வைத்தான். அவள் பிள்ளையை நீட்டினாள். கையில் நாரும் எண்ணெயுமாக இருக்கிறது என்று அவன் பின்வாங்கினான். பரவாயில்லை என்று அவள் அவன் மடியிலேயே வைத்தாள். பிள்ளை விழித்து அவனைப் பார்த்தது, பிறகு தூங்கிவிட்டது. அவன் அசையாமல் வெகுநேரம் உட்கார்ந்திருந்தான். ஊசியும் கயிறும் பக்கத்தில் கிடந்தன.

"கஸ்தூரி இருந்திருந்தா," என்றான் கடைசியில், "இத்தக் கீழயே வுட்டிருக்கமாட்டா."