மதகு முறை

மதியம் மூன்று மணிக்கு அந்தக் கோடு எங்கள் தலைக்கு மேலேயே வந்து படுத்துக்கொண்டது. வடக்கே குளிர்ந்த காற்று, தெற்கே கடலைக் குடித்துவிட்டு வரும் ஈரக் காற்று. இரண்டும் முட்டிக்கொண்டு நிற்கிற எல்லைதான் வானிலைப் படத்தில் அந்தக் கோடு. ஜூன் பிறந்தால் ஜூலை பாதிவரை, எது தள்ளுகிறது, எது விட்டுக்கொடுக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம். பதினெட்டு வருடமாகப் பார்க்கிறேன். முப்பது கிலோமீட்டர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை. சனியன்.

போன வருடம் என் அலுவலகம் எச்சரித்தது என்று எங்கள் ஊரே போர்வையும் தலையணையுமாகப் பள்ளிக்கூடத்தில் போய் உட்கார்ந்தது. கோடு தெற்கே நழுவிவிட்டது. ஊரில் தூறல்கூட இல்லை, எல்லாரும் வெயிலில் வீடு திரும்பினார்கள். அன்றிலிருந்து என் கணவர் யசுநோபு வயலில் இறங்கினால், "என்னப்பா, வீட்டம்மா இன்னைக்குக் குடை எடுக்கச் சொன்னாங்களா?" என்று கேட்காத ஆள் இல்லை.

இன்று நானே வீட்டுக்குப் போன் செய்தேன். அவர் மழைச்சட்டை மாட்டிக்கொண்டிருந்தார்.

"மதகை இறக்கிட்டு வந்துடறேன். பத்து நிமிஷ வேலை."

"வேணாங்க. கோடு நகரவே மாட்டேங்குது. மேகம் ஒன்னு பின்னால ஒன்னா வந்து நம்ம மேலயே கொட்டுது. வருஷா வருஷம் வயலைப் பாக்கப் போனவங்கதாங்க போய்ச் சேர்றாங்க."

"போன வருஷமும் இதைத்தான்டி சொன்னே."

அவர் சொன்னதில் என்ன தப்பு?

"இந்த வருஷம் மதகு முறை நம்ம வீட்டோடது. ஆத்துத் தண்ணி உள்ள புகுந்து பதினாலு வீட்டு நாத்தும் போச்சுன்னா, அவங்க மூஞ்சில எப்படி முழிப்பேன்?"

"முழிக்கிறதுக்கு நீங்க இருக்கணுமில்ல!"

அறையே திரும்பிப் பார்த்தது. அவர் சிரித்தார். "சாயங்காலம் வந்து திட்டு" என்று போனை வைத்துவிட்டார்.

"மிச்சியோ, எச்சரிக்கை தயாரா?" என்றார் எங்கள் தலைவர் குரனாகா.

தட்டச்சு செய்தேன்: 'வயலையும் மதகையும் பார்க்க வெளியே செல்லாதீர்கள்.' ஐந்து நிமிடத்தில் எங்கள் ஊர் ஒலிபெருக்கியிலும் இதை வாசிப்பார்கள். மாவட்டம் முழுக்க யாரென்றே தெரியாதவர்கள் கேட்டு நடப்பார்கள். என் வீட்டு மனுஷனுக்கு மட்டும் நான் குடைக்காரி. ஆத்திரத்தில் இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை விட்டு, திருத்தி அனுப்பினேன்.

எங்கள் ஊர் மழைமானி ஒரு மணி நேரத்தில் தொண்ணூற்று நான்கு மில்லிமீட்டர் காட்டியது. மறுபடி போன் செய்தேன். அடித்துக்கொண்டே இருந்தது.

ஆற்றங்கரைக் கேமராவைத் திறந்தேன். அதில் நிமிடத்துக்கு ஒரு படம்தான் வரும். சேற்று நிறத் தண்ணீர் கரை விளிம்பைத் தொட்டிருந்தது. எங்கள் வெள்ளைக் குட்டி லாரி விளக்கெரிய நின்றது, கதவு திறந்திருந்தது. மதகுப் பலகை பாதியில் இருந்தது.

அடுத்த படத்தில் பலகை முழுக்க இறங்கியிருந்தது. லாரியின் கதவு அப்படியே திறந்து கிடந்தது. கரையில் யாரும் இல்லை.

மூன்றாவது படத்துக்காக, திரையின் மூலையில் அந்தச் சின்ன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.