நூற்று இருபத்தொரு டிகிரி

எனக்குக் கம்ப்யூட்டரில் லினக்ஸ் படிக்கும் ஆசை வந்தது முப்பத்தொன்பது வயதில். எங்கள் ஊர் தளவாய்புரத்தில் அதைக் கேட்டுச் சிரிக்காத ஆள் குறைவு. சிரித்தால் சிரிக்கட்டும். பதினேழு வருடம் ராணுவத்தில் சிக்னல் பிரிவில் இருந்துவிட்டு வந்தவனுக்குக் கிடைத்தது, ராஜபாளையம் பக்கம் ஒரு பேண்டேஜ் ஃபேக்டரியில் செக்யூரிட்டி சூப்பர்வைசர் வேலை. லாரிக்குக் கேட்டைத் திறந்துவிடுவதற்காகவா அத்தனை குளிரில் நின்றேன்? ஞாயிற்றுக்கிழமைகளில் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். அங்கே மவுஸைத் தொடக் கூடாது. கறுப்புத் திரையில் கட்டளையைத் தட்ட வேண்டும், அவ்வளவுதான். சொன்னதைச் சொன்னபடி செய்யும், ஏன் என்று கேட்காது. பழைய ராணுவக்காரனுக்கு அதைவிட என்ன வேண்டும்?

ஃபேக்டரியின் பொதுக் கம்ப்யூட்டரான சர்வரைப் பார்த்துக்கொள்பவன் வைகுண்டராஜ். என்னைவிடப் பதினோரு வயது சின்னவன். வெறுமனே படித்தால் மண்டையில் ஏறாது என்று சொல்லி, சர்வரிலேயே எனக்கு ஒரு லாகின் போட்டுக் கொடுத்தான். வாரத்துக்கு ஒரு பயிற்சியும் கொடுப்பான். தங்கமான பையன் என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அவன் கொடுத்த ஐந்தாவது பயிற்சி இதுதான். ஒரு கோப்பில் நிமிடத்துக்கு ஒரு வெப்பநிலை வீதம் எண்கள் இருக்கும். நூற்று இருபத்தொன்றுக்குக் கீழே உள்ளதையெல்லாம் பிடித்து, அந்த இடத்தில் நூற்று இருபத்தொன்றும் சில்லறையுமாக வேறு எண்ணைப் போட வேண்டும். ஒரே எண் திரும்பத் திரும்ப வரவும் கூடாது. எதற்கு என்று நான் கேட்கவில்லை. டெஸ்ட் டேட்டா என்று அவனாகவே சொன்னான். இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டு, கட்டளைகளை வரிசையாகக் கோத்து ஒரு ஸ்கிரிப்ட் எழுதி முடித்தேன். ராணுவத்தில் எந்தத் தாளை எடுத்தாலும் முதலில் நம்பரும் பெயரும் எழுதிப் பழகிய கை. ஸ்கிரிப்டின் தலைப்பிலும் ஒரு வரியில் என் ராணுவ நம்பர், அடுத்த வரியில் ஆல்வின் என்ற பெயர். அதை போனில் படம் பிடித்துப்போய் பரிபூரணத்திடம் காட்டிப் பீற்றிக்கொண்டேன். இப்போது நினைத்தால் கூசுகிறது.

பரிபூரணம் என் மனைவி. ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் பதினான்கு வருடமாக நர்ஸ். எங்கள் ஃபேக்டரி சரக்குதான் அங்கேயும் போகிறது. அந்த மாதம் அவளுக்கு நேரம் சரியில்லை. அவள் கட்டுப்போட்ட மூன்று பேருக்குத் தையல் போட்ட இடத்தில் சீழ் பிடித்துவிட்டது. வெள்ளத்தாய் என்ற அம்மாவுக்குப் பிரித்து மறுபடி தைக்க வேண்டியதாயிற்று. பரிபூரணம் கை கழுவாமல் கட்டுப்போட்டிருக்கிறாள் என்று மெமோ கொடுத்துவிட்டார்கள். விசாரணை திங்கட்கிழமை. வேலை போனது போனதுதான் என்று கூட வேலை பார்ப்பவர்களே சொல்லிவிட்டார்கள். அவள் வீட்டுக்கு வந்தும் சோப்புப் போட்டுக் கையைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். விரல் இடுக்கெல்லாம் வெடித்து ரத்தம் கசிந்தது. ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்ல எனக்கு வரவில்லை. கையை ஒழுங்காகக் கழுவினாயா, உண்மையைச் சொல் என்று மூன்று வாரமாக அவளைத்தான் குடைந்துகொண்டிருந்தேன்.

விசாரணைக்கு முந்தின சனிக்கிழமை மதியம், ஃபேக்டரியில் இருந்தேன். முந்தின வாரம் வகுப்பில் க்ரான் நடத்தியிருந்தார்கள். எந்த வேலை எந்த நேரத்துக்குத் தானாக ஓட வேண்டும் என்று சர்வரில் எழுதிவைக்கும் பட்டியல் அது. ராணுவத்து டியூட்டி பட்டியல் மாதிரி. நிஜ சர்வரில் அது எப்படி இருக்கும் என்று பார்க்கும் ஆசையில் திறந்தேன். பேக்கப் எடுக்க ஒரு வரி. பழைய கோப்புகளைக் கழிக்க ஒரு வரி. மூன்றாவது வரியில், தினமும் மாலை ஆறு மணிக்கு, என் ஃபோல்டரில் இருக்கும் ஒரு ஸ்கிரிப்ட். ஐந்தாவது பயிற்சிக்கு நான் வைத்த பெயர்.

யாருடைய ஃபோல்டர் என்று இன்னொரு முறை பார்த்தேன். என்னுடையதுதான். ஸ்கிரிப்டைத் திறந்தேன். என் நம்பர், என் பெயர். கீழே ஒரே ஒரு இடத்தில் மட்டும் வைகுண்டராஜ் கை வைத்திருந்தான். டெஸ்ட் கோப்பின் பெயரை எடுத்துவிட்டு ஸ்டெரிலைசர் என்று போட்டிருந்தான். பேண்டேஜை நூற்று இருபத்தொரு டிகிரி நீராவியில் வேகவைத்துக் கிருமியைக் கொல்லும் இயந்திரம் அது.

ஸ்டெரிலைசர் எழுதிய அசல் கோப்பைத் தேடி எடுத்து, ஆஸ்பத்திரிகளுக்குப் போகும் ரிப்போர்ட்டோடு ஒப்பிடச் சொல்லிக் கட்டளை கொடுத்தேன். திரை நிற்காமல் ஓடியது. அசலில் தொண்ணூற்றாறு, ரிப்போர்ட்டில் நூற்று இருபத்தொன்று. அசலில் தொண்ணூற்றெட்டு, ரிப்போர்ட்டில் நூற்று இருபத்தொன்று. நாற்பது நாளாக ஒரு நாள்கூட நூற்றைத் தொடவில்லை.

பரிபூரணத்துக்கு போன் போட்டேன். வார்டில் இருக்கும் கட்டுத்துணி பாக்கெட்டில் பேட்ச் நம்பர் என்ன என்று கேட்டேன். விசாரணை நேரத்தில் இது என்ன விளையாட்டு என்று எரிந்து விழுந்துவிட்டுப் போய்ப் பார்த்து வந்தாள்.

"ஏழு, மூணு, ஒண்ணு, எட்டு."

திரையில் அந்த பேட்சுக்கு எதிரே தொண்ணூற்றாறு என்று இருந்தது.

"பூரணம், அந்தப் பாக்கெட்ட ஒருத்தருக்கும் போடாத. எல்லாத்தையும் எடுத்துத் தனியா வையி. நான் நேர்ல வாரேன்."

வைகுண்டராஜ் கேன்டீனில் வடை தின்றுகொண்டிருந்தான். காகிதத்தால் கையைத் துடைத்துக்கொண்டே பதில் சொன்னான். பாய்லர் பழுதாம், சாமான் வர இன்னும் பத்து நாளாகுமாம், ஆர்டரை நிறுத்தினால் முதலாளி விடமாட்டாராம். பவர் கட் ஆனது என்று சொல்வதைப் போலச் சொன்னான். ஆட்கள் சாவார்களே என்றேன். அவன் முகத்தில் ஒன்றுமே மாறவில்லை. அதைப் பார்த்ததுதான் எனக்கு இன்னும் பெரிய அதிர்ச்சி.

"தலைப்புல உங்க நம்பர் இருக்கு அண்ணாச்சி," என்றான். "அந்த ரெண்டு வரிய அழிச்சிருங்க. இல்லன்னா எழுதுனது நீங்கதான. நான் ஓட விட்டது மட்டுந்தான."

திரும்பி வந்து ஸ்கிரிப்டைத் திறந்தேன். கர்சர் என் நம்பர் மேல் நின்றது. கோப்பைத் திருத்தும் அந்த எடிட்டரில் ஒரே எழுத்தை இரண்டு தடவை தட்டினால் ஒரு முழு வரி போய்விடும். மூன்றாம் வாரம் படித்த பாடம். போலீஸ், பென்ஷன், பிள்ளைகள், எல்லாம் கண்முன் வந்துபோயின. விரலை எழுத்து மேல் வைத்தேன், பொய் சொல்லவில்லை. அப்புறம் எடுத்துவிட்டேன். எழுதியது நான்தானே.

மூன்றையும் அப்படியே பிரிண்ட் எடுத்தேன்: அசல் கோப்பு, க்ரான் வரி, என் பெயரோடு ஸ்கிரிப்ட். கேட்டில் சரக்கு ஏற்றிய லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு நின்றது. கேட் பாஸில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று டிரைவரிடம் சொல்லிவிட்டு, கேட்டைப் பூட்டிச் சாவியோடு பஸ் ஏறினேன்.

பரிபூரணம் ஆஸ்பத்திரி வாசலில் நின்றிருந்தாள். தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் படித்தாள். ஸ்கிரிப்டைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அன்று நான் பீற்றிக்கொண்டு காட்டிய அதே ஸ்கிரிப்ட். நான் நடந்ததையெல்லாம் சொல்லி முடித்தேன். அவள் விரல் பட்ட இடத்தில் தாளில் லேசாக ரத்தம் ஒட்டியிருந்தது.

"அந்தச் சூட்டு நம்பர எதுக்கு மாத்தணும்னு அவங்கிட்ட நீங்க ஒரு வார்த்த கேக்கல," என்றாள். "கை கழுவுனியா கை கழுவுனியான்னு எங்கிட்ட மட்டும் மூணு வாரமாக் கேட்டீய."

அவள் தாள்களை மடித்துப் பையில் வைத்துக்கொண்டாள்.

"திங்கக்கெழம நீங்களும் வரணும். தலைப்புல இருக்குறது யார் நம்பருன்னு கேப்பாங்க."

வருகிறேன் என்றேன்.